ரெண்டு நெசம், ஒரு பொய்

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சர்ச்சுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகைக்குள் நுழைந்தால், தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வரும் சுட்ட இரும்பின் வாடையும் ரூபி அக்கா கலக்கி வைத்திருக்கும் எலுமிச்சை ஜூஸின் வாசமும் ஒன்றாக மூக்கில் ஏறும். கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெரு அப்பாக்கள் எல்லாரும் ஆலைத் தொழிலாளிகள். ஆராதனை முடிந்ததும் பிள்ளைகளுக்கு "யூத் மீட்டிங்" உண்டு. அதை நடத்த மீஞ்சூரிலிருந்து ரயிலில் வரும் ரூபி அக்கா, ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டு, "கூச்சம் போவணும்னா வெளாடணும்" என்று எங்களை வட்டமாக உட்காரவைப்பார்.

கைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துக்கொண்டு, பிடியை விடாமலே சிக்கலைப் பிரிக்கும் ஆட்டம் ஒன்று இருந்தது. ஆனால் நான் காத்துக்கிடந்தது "நெசமா பொய்யா"வுக்குத்தான். ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வேண்டும். இரண்டு நெசம், ஒன்று பொய். பொய் எது என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். வாயே திறக்காத பீட்டர், திருவள்ளூர்த் தேர்க் கூட்டத்தில் தொலைந்துபோய், பகல் முழுக்கப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து இட்லி தின்றவன் என்பது அங்கேதான் தெரிந்தது. தினமும் பார்க்கிற முகங்களுக்குள் இன்னும் என்னென்ன இருக்குமோ என்று எனக்கு அடங்காத ஆசை.

அப்போது ஒரு வருடம் ஆலையில் ஸ்ட்ரைக் நடந்தது. என் அப்பாவும், என் தோழி ஸ்டெல்லாவின் அப்பா யேசுதாஸ் மாமாவும் ஒரே ஷிஃப்ட்காரர்கள். அப்பா ஆலை வாசலுக்கு எதிரே ஸ்ட்ரைக் பந்தலில் உட்கார்ந்திருந்தார். மாமாவோ தினமும் காலையில் கம்பெனிச் சட்டையும் டிபன் பாக்ஸுமாகக் கிளம்பிப் போனார். அப்போது உள்ளே வேலை பார்த்தவர்கள் எல்லாம் கம்பெனி கூட்டிவந்த வெளியூர் ஆட்கள், மாமா வருகிறாரா என்று அவர்களிடம் யார் போய்க் கேட்பது? "பின்பக்கமா உள்ள போறான்" என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. "இனிமே அவங்க ஊட்டுப் பக்கம் போவாதே" என்றார் அப்பா. ஸ்ட்ரைக் முடிந்து எல்லாரும் வேலைக்குத் திரும்பிய பிறகும் இரு வீட்டுக்கும் பேச்சில்லை. ஸ்டெல்லாவும் நானும் பள்ளியில் வேறு வேறு பெஞ்சுக்குப் போயிருந்தோம்.

ஒரு ஞாயிறு அவள் முறை வந்தது. எழுந்து நின்றாள்.

"எனக்குப் பாவக்கா புடிக்கும். நான் கடல்ல நீந்துவேன். ஸ்ட்ரைக் அப்போ எங்கப்பா ஒரு நாளுகூட கம்பெனிக்குள்ள போவல."

"மூணாவதுதான் பொய்" என்றான் பீட்டர், மெதுவாக.

"இல்ல. எனக்கு நீச்சலே தெரியாது."

ரூபி அக்கா ஆட்டத்தை அடுத்தவரிடம் நகர்த்தப் பார்த்தார். அவளிடம் பேசக் கூடாது என்பதெல்லாம் மறந்து நான் கேட்டுவிட்டேன்: "அப்போ தெனமும் இன்னா பண்ணிகினு இருந்தாரு?"

"மீஞ்சூர் அரிசி மண்டில மூட்ட தூக்கிகினு இருந்தாரு. அம்மா ஆபரேஷன் ஆயி படுத்திருந்துச்சு இல்ல? ஸ்ட்ரைக்குன்னு தெரிஞ்சா பயந்துடும்னு கம்பெனி சட்டையிலயே கெளம்புவாரு. சட்டப் பையில தவிடு இருந்துச்சு, அதான் நான் கேட்டேன். யாராண்டயும் சொல்லாதேன்னாரு. இப்போ அம்மா எழுந்து நடக்குது."

வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் அப்படியே சொன்னேன். பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே ஓடினேன். யேசுதாஸ் மாமா வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்லடா?"

மாமா நிமிர்ந்தார். குரலில் கோபம் இல்லை. "நீ கேட்டியாண்ணே?"

ஸ்டெல்லாவின் அம்மா சுவரைப் பிடித்தபடி வந்து ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். அப்பா உட்கார்ந்தார். குனிந்து பெடலை மெல்லச் சுற்றிவிட்டார்; மாமா செயினில் எண்ணெய் விட்டார். பழைய சிரிப்பு திரும்ப நாளாயிற்று. ஸ்டெல்லா மட்டும் மறுநாளே என் பெஞ்சுக்கு வந்துவிட்டாள்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது ஏசி போட்ட ஹால். அந்த ஆலையும் இல்லை. பெரிய கிடங்கு ஒன்று நிற்கிறது. போன மாதம் இளைஞர் கூட்டத்துக்குப் போய்வந்த என் மகளிடம், என்ன விளையாடினீர்கள் என்று ஆவலோடு கேட்டேன். ஃபோனிலேயே வினாடி வினாவாம்; இவள்தான் ஜெயித்தாளாம். உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார் என்றேன்.

"தெர்லம்மா. வாட்ஸ்அப் குரூப்ல இருப்பா."