ஒலிபெருக்கியில் ஒரு கேள்வி

பேருந்து நிலையத்தில் அவளை எல்லோரும் 'சைரன்' என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டிகள் புறப்படுவதை ஒலிபெருக்கியில் அறிவிப்பது அவள் வேலை. மைக் கெட்டுப்போனாலும் அவள் குரல் கடைசி பிளாட்பாரம் வரை கேட்கும் என்று கடைக்காரர்கள் கிண்டலடிப்பார்கள்.

அந்தக் குரல்தான் ஒரு காலத்தில் அவளைக் காப்பாற்றியது. பத்தொன்பது வயதில், அத்தையின் தோழி ஒருத்தி நல்ல வீட்டில் வேலை என்று ஆசை காட்டி அழைத்துப் போனாள். போய் இறங்கியதுமே அடையாள அட்டையையும் போனையும் "பத்திரமா வச்சிருக்கோம்" என்று வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் வெளிக்கதவு அவளுக்குத் திறக்கவே இல்லை. சம்பளம் கேட்டால் அடி. வீட்டுக்காரர்கள் வெளியே போயிருந்த ஒரு பகலில், சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினாள். எதிர்க் கட்டடத்தில் குழாய் மாட்டிக்கொண்டிருந்தவர் போலீஸைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

பிறகு நிலையத்தில் வேலை கிடைத்து மைக் கைக்கு வந்ததும், வண்டி அறிவிப்புகளுக்கு நடுவே அவளாகவே ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள்.

"வேலைக்குன்னு யாரையாவது நம்பிப் போறவங்க கேளுங்க. உங்க கார்டும் போனும் உங்க கையில இருக்கா? போற இடம் எதுன்னு வீட்டுல தெரியுமா? இல்லன்னா வண்டி ஏறாதீங்க, என் ரூமுக்கு வாங்க."

மேலாளர் கடிந்துகொண்டார். "ஏம்மா, பஸ்ஸைப் பத்திச் சொல்லத்தான் உனக்குச் சம்பளம். ஊர் வம்பு எதுக்கு?"

"பஸ் எங்க போகுதுன்னு சொல்றேன் சார். ஏறுறவங்க எங்க போறாங்கன்னு கேக்கக் கூடாதா?"

ஆள் பிடிக்கும் தரகன் ஒருவன் அறைக்கே வந்து, "வாயைத் தச்சிடுவேன்" என்று மிரட்டினான். அவள் மைக்கைப் போட்டு அவன் பக்கம் நீட்டினாள். "இன்னொரு தடவை சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்." நிலையமே திரும்பிப் பார்த்தது. அவன் மெல்ல நழுவிவிட்டான்.

ஒரு நாள் காலை நெரிசலில், அறிவிப்பு முடிந்த கையோடு, பையை அணைத்தபடி நின்ற ஒரு பெண் பக்கத்திலிருந்தவனிடம் கை நீட்டினாள்.

"சித்தப்பா, என் கார்டைக் குடுங்க."

"அங்க போய்த் தரேன். ஏறு முதல்ல."

"இப்பவே குடுங்க. இல்லன்னா நான் வரல."

அவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். கண்ணாடி வழியே சைரன் பார்த்துவிட்டாள்.

"மூணாவது பிளாட்பாரம், நீலச் சட்டை! அந்தப் பொண்ணு கையை விடுங்க! டிரைவர் அண்ணா, வண்டிய எடுக்காதீங்க!"

டீக்கடைக்காரரும் மூட்டை தூக்குகிறவர்களும் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். போலீஸ் சோதித்தபோது, அவன் பையில் வேறு இரண்டு பெண்களின் அட்டைகளும் இருந்தன. அதை வைத்து விசாரித்ததில், பூட்டிய பட்டறை ஒன்றிலிருந்து அந்த இருவரும் மீட்கப்பட்டார்கள்.

மேலாளரால் அதற்குமேல் தடுக்க முடியவில்லை. "சரி, மணிக்கு ஒரு தடவை மட்டும் சொல்லிக்கோ" என்று இறங்கிவந்தார்.

"வண்டிக்கு வண்டி சொல்லுவேன் சார்" என்று சொல்லிவிட்டு, அவர் பதிலுக்குக் காத்திராமல் போய் மைக்கைப் போட்டாள்.