பனியில் சறுக்கும் காலணி

1984, மார்கழி பிறந்த வாரம். அழகர்கோவில் போகும் காலைப் பேருந்தில் எல்லோரும் மப்ளர் சுற்றிக்கொண்டு ஜன்னல் ஷட்டர்களை இறக்கியிருந்தோம். என் பக்கத்து இருக்கைக்காரர் மட்டும் அரைக்கைச் சட்டையில், ஷட்டரைத் தூக்கிவிட்டுக் காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“மாப்ள, அடைங்க. நாங்க உசுரோட கோயிலுக்குப் போகணும்,” என்றார் பின்னால் இருந்தவர். இவர் சிரித்துக்கொண்டே பாதி இறக்கினார்.

கனடாவில் வேலையாம். அங்கே குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் அதன்மேல் சறுக்கி விளையாடுவார்களாம். மடியிலிருந்த பையைத் திறந்து காட்டினார். அடியில் கத்திபோல் தகடு வைத்த பெண்கள் காலணி. பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டு, கனடா திரும்ப மறுக்கும் மனைவிக்காக வாங்கியது.

“ஒரு சேலை எடுத்திருக்கலாமே?” என்றேன்.

“சேலை அங்கன நெறையக் கெடக்குண்ணே. பனி ஒத்துக்காதுன்னு ரெண்டு குளிர்காலமும் நான்தான் அவளை வீட்டுக்குள்ளயே வச்சிருந்தேன். ஊரே வெளிய விளையாடுது, இவ கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டே இருந்தா.”

வயல்களுக்கு நடுவே ஒரு நிறுத்தத்தில் இறங்கி, பையை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு நடந்தார். அவர் பாதி திறந்து விட்டுப்போன ஷட்டரை நான் அடைக்கவில்லை. மார்கழியில் மப்ளரை எடுக்கும்போதெல்லாம், அந்தக் காலணியை அவர் மனைவி போட்டுப் பார்த்தாரா என்ற கேள்வி இன்றும் வருகிறது.