ஐஸ்லாந்து ராஜாவுக்கு வெள்ளிக்கிழமை லீவு

சென்ற வாரம் ஞாயிற்றுக்கிழமை மச்சினன் ரவி சாப்பாட்டுக்கு வந்திருந்தான். என் மனைவி சாந்தியின் தம்பி. மாத்தளை டவுனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கை கழுவியதும் லேப்டாப்பைத் திறந்து, ஒரு வேடிக்கை பாருங்கள் என்றான்.

அவன் ஆன்லைனில் போக்கர் விளையாடுவது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாதது அவனிடமிருந்த சாப்ட்வேர். கூட விளையாடுகிறவர்கள் எந்த நாளில் வந்தார்கள், எப்போது துணிந்தார்கள், எப்போது சீட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள் — அத்தனையையும் குறித்து வைக்குமாம். அடப்பாவி... இதற்குமா மெஷின்?

“இந்த ஆளைப் பாருங்க மச்சான். ஐஸ்லாந்து ராஜாவாம். யாராவது பணத்தைக் கொஞ்சம் கூட்டிக் கட்டினா ஓடிடுவாரு. வெள்ளிக்கிழமை வர்றதே இல்ல. மாசி மகத்துக்குக் கொடி ஏறினதுல இருந்து தேர் முடியிற வரைக்கும் ஆளையே காணோம். ஐஸ்லாந்துல ஏது மச்சான் தேரு?”

சாந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். ஏனென்றால்... ஐஸ்லாந்து ராஜா நான்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த விளையாட்டில் மூழ்கி, மகளை ட்யூஷனிலிருந்து கூட்டிவர மறந்துவிட்டேன். பிள்ளை கொட்டும் மழையில் தனியாக நடந்து வந்தாள். சாந்தி சண்டை போடவில்லை. இனிமேல் தொடமாட்டேன் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாள். செய்தேன். ஆறே மாதத்தில் புதுப் பெயரில் மறுபடி உட்கார்ந்தேன்.

பெயரை மாற்றினேன். படம் போடவில்லை. நாட்டையே மாற்றினேன். ஆனால் முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போகிற வெள்ளிக்கிழமையிலும், திருவிழா நாட்களிலும் மட்டும் தொடமாட்டேன். பயம்! பொய்ச் சத்தியம் செய்தவனுக்கு வேறு என்ன பக்தி இருக்கும்?

அன்றிலிருந்து மண்டை குழம்பிப்போனது. பெயர் தெரியாது, முகம் தெரியாது, பிறகு எப்படி? ரவி தெரிந்துகொண்டு பேசினானா, தெரியாமல் பேசினானா? இல்லை... ஆழம் பார்த்தானா?

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். வெள்ளிக்கிழமையும் விளையாடிவிட்டால் ராஜா வேறு யாரோ ஆகிவிடுவார் இல்லையா? என்ன மூளை பாருங்கள்! தலைவலி என்று சொல்லிச் சாந்தியைத் தனியாகக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, ரவி போன் எடுத்தான்.

“மச்சான், அக்கா இப்பதான் கடையைத் தாண்டிப் போச்சு. தனியாவா கோயிலுக்கு?”

தலைவலி என்றேன்.

“அப்ப விளையாடாம படுங்க. ஞாயித்துக்கிழமை எனக்குச் சந்தேகம்தான். இன்னைக்கு அக்கா தனியாப் போகுது, ராஜா வந்து உட்கார்றாரு... நிச்சயமாச்சு. அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க.”

சனி போனது. ஞாயிறு போனது. தலைவலி எப்படி இருக்கிறது என்று சாந்தி கேட்டுக் கேட்டு, நெற்றியில் தைலம் தேய்த்துவிடுகிறாள். வெட்கமாக இருக்கிறது. சொல்ல வாயெடுத்தால், பிளேன்டீ வேண்டுமா என்று கேட்கிறாள். நானும் வேண்டும் என்கிறேன்.

பேச வராதவனுக்கு எழுதவாவது வரும் என்று நினைத்துத்தான் இதை எழுதினேன். நான் வாராவாரம் எழுதும் பத்தியைப் பத்திரிகைக்கு அனுப்புமுன் படித்துப் பிழை திருத்துவது எப்போதும் சாந்திதான்.

சாந்தி... ராஜா பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.