மூன்றாவது மாடிக்கு ஒரு வால்வு

அம்மாவும் அவனும் சேர்ந்து செய்த கடைசி வேலை, அம்மா வீட்டுக் குளியலறை ஹீட்டரின் சேஃப்டி வால்வை மாற்றியது. ஒரு சனிக்கிழமை காலை. அவன் ஸ்டூலில் ஏறி நின்றான். அம்மா கீழே நின்று சாமான்களை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த கையோடு குறையும் சொன்னாள்.

"டேப்பை எதிர்ப்பக்கமா சுத்துற. திருகும்போது உரிஞ்சு வந்துரும்."

"தெரியும்மா. நானும் இன்ஜினியர்தான்."

"நீ கம்ப்யூட்டர்ல வால்வைத் திறக்கிற இன்ஜினியர். கையால ஒண்ணைத் திறந்திருக்கியா?"

திறந்ததில்லை. அவன் வேலை ஒரு ரசாயன ஆலையின் கட்டுப்பாட்டு அறையில். அம்மா முப்பத்தோரு வருடம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் கொதிகலனைப் பார்த்துக்கொண்டவள். அங்கே எல்லோருக்கும் அவள் பாய்லரம்மா. மூக்கு நுனியில் கோபம் வைத்திருந்ததால் பெயர் இரண்டு விதத்திலும் பொருந்தியது.

ஓய்வுபெற்ற பிறகு, ஊர்க்காரர்கள் வீட்டு ரிப்பேர் பற்றிப் பேசும் ஒரு குழுவில் போன் வழியாகச் சேர்ந்தாள். ஹீட்டர் பற்றிக் கேள்வி வந்தால் போதும், அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றேதான்: வால்வில் தண்ணீர் சொட்டுகிறது, அடைத்துவிடலாமா? அம்மாவின் பதிலும் ஒன்றேதான். 'சூடானா தண்ணி பெருகும். பெருகினது வெளிய போக வழி வேணும். சொட்டுறது நல்லது. அடைச்சு வச்சா, சூட்டை நிறுத்துற தெர்மோஸ்டாட் கெடுற அன்னைக்கு ஹீட்டர் வெடிக்கும்.' ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டி அனுப்புவாள். கேட்டவர் பதிலுக்குக் கட்டைவிரல் படம் போட்டால், ஒரு நோட்டில் பெயரை எழுதிப் பென்சிலால் டிக் அடிப்பாள். நான்கு வருடத்தில் நானூற்றுப் பதினேழு டிக்.

அவன் வால்வை இறுக்கிவிட்டு இறங்கினான்.

"உங்க வீட்டுலயும் இதே மாதிரி மாத்திட்ட இல்ல?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. நேரமே கிடைக்கல."

"மாத்திட்டேன்னு சொன்னியே."

"நான் எப்போ சொன்னேன்?"

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் தேடி எடுத்தாள். 'உன் வீட்டு வால்வு துருப்பிடிச்சிருக்கு. மாத்து.' நான்கு மாதத்துக்கு முன்னால் அனுப்பியது. அதன் கீழே அவன் போட்ட கட்டைவிரல்.

"விரலைத் தூக்கியிருக்கியே."

"அது பாத்தேன்னு அர்த்தம்மா."

"வால்வையா?"

"மெசேஜை."

அம்மா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சலவைக்கூடத்தின் இரைச்சலில் பேச்சு எடுபடாது. ஒருவர் இந்தக் கோடியில், ஒருவர் அந்தக் கோடியில். கட்டைவிரலைத் தூக்கினால் 'வால்வை மூடிவிட்டேன்' என்று பொருள். அதை நம்பித்தான் மறுகோடியில் நிற்பவர் குழாயைக் கழற்றுவார். மூடாமல் விரலைத் தூக்கியவர் அந்தக் கூடத்தில் ஒருவரும் கிடையாது.

"அப்போ அந்த நானூத்திப் பதினேழு பேரு?"

கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டு கேட்டாள். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவன், "தெரியாதும்மா. பாதிப் பேராவது செஞ்சிருப்பாங்க," என்றான். அந்தப் பாதிக்கு அவனிடம் எந்தக் கணக்கும் இல்லை.

அன்று மதியமே நோட்டின் முதல் பெயரிலிருந்து, குழுவிலேயே ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தாள். 'அடைப்பை எடுத்தீங்களா?'

'எந்த அடைப்பு ஆன்ட்டி?' என்றது ஒன்று. 'வீடு மாறியாச்சு, புதுசா வந்தவங்களக் கேளுங்க,' என்றது இன்னொன்று. ஒருவர், 'எங்க பிளம்பர் இருபது வருஷமா அடைச்சுத்தான் விடுறாரு, யாரும் சாகல. நீங்க என்ன படிச்சிருக்கீங்க?' என்று கேட்டார். அம்மா ஒளிக்காமல் எழுதினாள்: 'பத்தாவது. அப்புறம் முப்பத்தோரு வருஷம் பாய்லர்.' அதற்கு அறுபத்துநான்கு பேர் சிரிப்பு முகம் போட்டார்கள். பெரும்பாலானோர் எதுவுமே சொல்லவில்லை. மூன்றாம் நாள் குழுவை நடத்துபவர் தனியாகச் செய்தி அனுப்பினார். 'தொல்லை பண்றீங்கன்னு புகார் வருதும்மா. கொஞ்சம் அடக்கி வாசிங்க.'

"முப்பத்தோரு வருஷம் பிரஷரை அடக்கினேன். இப்போ என்னையே அடக்கச் சொல்றான்," என்றாள் போனில். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

உண்மையைச் சொன்னவர் ஒருவர் மட்டுமே. அவர் முன்பு அனுப்பிய படம் அம்மாவிடம் இருந்தது. வால்வின் வாயில் செதுக்கிச் செருகிய மரக்கட்டை, அது தெறிக்காமலிருக்க இறுக்கிக் கட்டிய நைலான் கயிறு. கீழே பலகையில் மூன்று பல் துலக்கும் பிரஷ்கள். ஒன்று மிகச் சின்னது.

'இன்னும் எடுக்கலம்மா,' என்று எழுதினார். 'சொட்டு நின்னுடுச்சு, நல்லாத்தான் இருக்கு. பிளம்பர் வந்தா பாக்கலாம்.'

'பிளம்பர் வேணாம். நான் வரேன். வீடு எங்க?'

'ஐயோ, உங்களுக்கு எதுக்கும்மா சிரமம். பஸ் டிப்போ பின்னாடிதான், பச்சைக் கேட்டு, மூணாவது மாடி.'

ஊரில் நான்கு டிப்போக்கள். 'எந்த டிப்போ?' என்று அம்மா கேட்டாள். அவர் கட்டைவிரல் போட்டார்.

"நாலையும் பாத்துட்டா போச்சு," என்றாள் அம்மா. "ஞாயித்துக்கிழமை முதல்ல உன் வீடு, அப்புறம் அவரு வீடு. வண்டியில பெட்ரோல் இருக்கட்டும்."

வியாழக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். பிரஷர் மாத்திரையை நடுவில் விட்டுவிட்டார்களா என்று கேட்டார்.

தினமும் காலையில் 'மாத்திரை போட்டாச்சா?' என்று அவன் கேட்பான். அம்மா கட்டைவிரல் போடுவாள். காரியம் முடிந்த மறுநாள் மாத்திரை அட்டைகளை எடுத்து, வாங்கிய தேதியோடு ஒப்பிட்டு எண்ணினான். ஒன்றுகூடத் தப்பவில்லை. வியாழக்கிழமை மாத்திரை வரை போட்டிருந்தாள்.

குழுவில் செய்தி போட்டான். தொள்ளாயிரம் பேர் கைகூப்பினார்கள். மூன்றாவது மாடிக்காரரும் கைகூப்பி, 'தங்கமான மனுஷி, கடைசி வரைக்கும் அக்கறையாக் கேட்டுட்டே இருந்தாங்க,' என்று எழுதினார். அவருக்கு அவன் தனியாக அனுப்பினான்: 'கட்டையை எடுத்துட்டீங்களா?' கட்டைவிரல் வந்தது. 'எடுத்துட்டீங்களா, இல்ல பாத்தீங்களா? எந்த டிப்போன்னு சொல்லுங்க, நானே வரேன்.' அதற்குப் பதில் இல்லை. மறுநாள் அவன் எண்ணை அவர் தடுத்துவிட்டிருந்தார்.

நான்கு டிப்போக்களின் பின்பக்கமும் நடந்தான். பச்சைக் கேட் ஏழு இருந்தது. ஏழிலும் மூன்றாவது மாடி வரை ஏறி, கதவைத் தட்டிக் கேட்டான். ஐந்தில் அப்படி யாரும் இல்லை என்றார்கள். ஆறாவதில் ஒரு பெண் பாதிக் கதவுக்குப் பின்னால் நின்று, "எங்களுக்கு எதுவும் வாங்க வேண்டியதில்ல," என்றாள். ஏழாவது பூட்டியிருந்தது.

அம்மா வீட்டில், கதவருகே ஆணியில் அவளுடைய பை தொங்கியது. உள்ளே ஸ்பானர், டெஃப்ளான் டேப், இரண்டு புது வால்வுகள். ஒன்றில் 'மகன்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. அதைத் தன் வீட்டில் அவனே மாட்டினான். டேப்பைச் சரியான பக்கம் சுற்றினான். அது சொட்டுகிறது.

நோட்டும் பையில்தான் இருந்தது. நானூற்றுப் பதினேழு டிக்கையும் அம்மா ரப்பரால் அழித்திருந்தாள். தாள் சில இடங்களில் கிழிந்திருந்தது. ஒரு பெயருக்கு எதிரே மட்டும் புதிதாக எழுதியிருந்தாள்: 'ஞாயிறு. நேர்ல.'