கல்லறை மாடத்துக் கரி

எங்கள் சித்தப்பா, வெள்ளவத்தையில் எண்ணெய் ஆலை வைத்திருந்த முதலாளியின் ஒரே வாரிசு. கொட்டாஞ்சேனையில் இதை நான் அளக்காத வீடில்லை. நம்பாதவர்களைத் தெருக்குழாயடிக்கு அழைத்துப்போவேன். வாளித் தண்ணீரில் பாதியைத் தன் இடுப்புச் சாரத்திலேயே ஊற்றிக்கொண்டு அவர் வருவதைப் பார்த்தால், பிறந்ததிலிருந்து வாளி தூக்காத கை என்பது யாருக்கும் விளங்கிவிடும்.

சின்னம்மாவைக் கட்டுவதற்காக அவர் எங்கள் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினார். அவருடைய தகப்பனார், மகன் செத்துவிட்டான் என்று சொல்லி, வீட்டாரையெல்லாம் கிணற்றடியில் தலைமுழுக வைத்தாராம். இரண்டு வருடத்தில் நெருப்புக்காய்ச்சல் வந்து சித்தப்பா உண்மையாகவே போய்விட்டார். உடலைக் கொண்டுபோய் எரிக்க வேண்டுமென்று ஆலைக் கணக்கப்பிள்ளை காரில் வந்து இறங்கினார். சின்னம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"உயிரோட இருந்தவருக்கே தலைமுழுகினவை. இப்ப ஆரைத் தேடி வந்தனீங்கள்?"

கார் வெறுமனே திரும்பியது. சித்தப்பாவை எங்கள் சேமக்காலையிலேயே அடக்கம் செய்தோம்.

அடுத்து வந்த மரித்தோர் திருநாளுக்குச் சிலுவைக்கு வெள்ளையடித்தது நான்தான். அதன் அடியில் மெழுகுதிரி வைக்கிற சின்ன மாடத்தைக்கூட விடவில்லை. சின்னம்மா திரி ஏற்றப் போகும்போது, ரிக்‌ஷாவில் ஓர் அம்மா வந்து இறங்கினார். கையில் வெற்றிலையும் கற்பூரமும். சித்தப்பாவின் தாயார். கல்லறைக்கு என்ன கொண்டுவருவதென்று அவருக்குத் தெரியாது.

"இங்க கற்பூரம் கொளுத்த ஏலாது, அம்மா" என்று காவற்காரர் ஓடிவந்தார்.

"பெத்தவ நான். கொளுத்தாமப் போகமாட்டேன்."

எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. சின்னம்மா சொன்னதையே நானும் சொன்னேன்: "நீங்கள்தானே தலைமுழுகினனீங்கள்!"

அவர் என்னைப் பார்க்கவில்லை. சின்னம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அவரு முழுகினாரு. நான் காய்ச்சல்னு படுத்துக்கிட்டேன். இன்னைக்கு வரைக்கும் முழுகலை."

அவர் மாடத்தில் கற்பூரத்தை வைத்தார். கடற்காற்றில் நெருப்புக்குச்சி அணைந்துகொண்டே இருந்தது. இனிச் சண்டைதான் என்று நான் சின்னம்மாவின் பக்கத்தில் போய் நின்றேன். அவளோ, குனிந்து சேலைத் தலைப்பை விரித்துக் காற்றை மறித்தாள். காவற்காரர் வாயைத் திறந்தார்.

"இது என்ர புருஷன்ர கல்லறை. நீங்கள் போங்கோ" என்றாள்.

கற்பூரம் பற்றிக்கொண்டது. இரண்டு பேரும் ஒரே சேலைத் தலைப்புக்குள் குனிந்து அழுதார்கள். நான் பார்த்துப் பார்த்து வெள்ளையடித்த மாடம் கரியாகிப்போனது.

அடுத்த வருடம் சுண்ணாம்போடு போனபோதும் அந்தக் கரி இருந்தது. தூரிகையை அங்கே கொண்டுபோனதும் சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதில மட்டும் கை வையாதை."

கரியை விட்டுச் சுற்றிவர அவளே வெள்ளையடித்தாள். பார்க்கிறவர்கள் எங்களைச் சோம்பேறிகள் என்றல்லவா நினைப்பார்கள் என்று வீடு வந்து சேரும்வரை நான் அவளோடு பேசவில்லை.