லைன் போனால் மூன்று கோல்

வீடியோ கேமில் கால்பந்து ஆடுகிற ஒரு லீக்குக்கு, அதுவும் பன்னிரண்டே பேர் இருக்கிற லீக்குக்கு, முப்பத்தேழு விதிகள் எதற்கு என்று கேட்பவர்கள் முதலில் அந்தப் பன்னிரண்டு பேரையும் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும். எல்லாம் தலை நரைக்கத் தொடங்கிய ஆட்கள். ஒருவர் பல் டாக்டர். இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வெளியே பார்த்தால் ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத முகம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவரவர் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து, இன்டர்நெட் வழியாக ஒருவரோடு ஒருவர் மோதத் தொடங்கிவிட்டால் போதும், அத்தனை பேருக்கும் திருட்டுப் புத்தி வந்துவிடும்.

இவர்களைக் கட்டி மேய்க்கும் வேலை, பன்னிரண்டில் ஒருவனான லிப்ட் மெக்கானிக்கின் தலையில் விழுந்திருந்தது. விழுந்தது என்றுகூடச் சொல்லக் கூடாது. ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, குத்துகிறது குடைகிறது என்று புலம்புகிற ஜாதி அவன். லீக் ஆரம்பித்த முதல் மாதம் தகராறு வந்தபோது, "நான் விதி எழுதறேன், எல்லாரும் அதுபடி நடங்க" என்று வாயைக் கொடுத்தவன் அவன்தான். அன்றிலிருந்து அவனுக்குப் பெயரே 'சட்டம்' என்றாகிவிட்டது. பதினேழு வருஷமாக ஒரே கம்பெனியில் லிப்ட் பார்க்கிறான். கயிறு, பிரேக், கதவு என்று வரிசையாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டுப் பழகிய கை. மனுஷர்களுக்கும் அப்படி டிக் போட்டுவிடலாம் என்று நினைத்துவிட்டான், பாவம்.

பத்து நிமிஷத்துக்கு மேல் தாமதமானால் தோல்வி என்று எழுதினான். பல் டாக்டர் ஒன்பதரை நிமிஷத்தில் வந்து, லீக்கின் வாட்ஸ்அப் குரூப்பில் 'இருக்கேன்' என்று ஒரு வார்த்தையைத் தட்டிவிட்டு மறுபடியும் காணாமல் போனார். கோல் போட்டு முன்னுக்கு வந்ததும் பந்தைத் தன் பின்வரிசை ஆட்களுக்குள்ளேயே மாற்றி மாற்றித் தட்டி நேரத்தைக் கடத்தக் கூடாது, ஆறு தட்டுக்கு மேல் போனால் தப்பு என்று எழுதினான். ஐந்து தட்டு முடிந்ததும் முன்னால் ஒரு தட்டு தட்டிவிட்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணினார் கணக்கு வாத்தியார். கேட்டால், ஆறு தட்டு எங்கே ஆச்சு, காட்டு என்றார். இவன் எட்டடி பாய்ந்தால் அவர்கள் பதினாறடி பாய்ந்தார்கள். சாப்பாட்டு வேளையில்கூட போனில் விதியைத் திருத்திக்கொண்டிருப்பவனைப் பார்த்து அவன் மனைவி ஒருநாள், "அவங்க விளையாடறாங்க, நீங்க பரீட்சை எழுதறீங்க" என்றாள். அவனுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

இத்தனை விதிகளிலும் அவனுக்கு ரொம்பப் பிடித்தது பத்தொன்பதாவது. தோற்கப்போகிற ஆள் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஐயோ, லைன் போயிடுச்சு என்று சாதித்தால், ஆட்டம் செல்லாமல் போய் மறுபடியும் முதலிலிருந்து ஆட வேண்டும். இந்தத் தில்லுமுல்லுவால் ஒரு சீசனே நாசமாகியிருந்தது. கடுப்பில் உட்கார்ந்து எழுதினான்: பின்தங்கியிருப்பவரின் லைன் போனால் மூன்றுக்குப் பூஜ்யம் தோல்வி. நாலு முறை போனால் லீக்கை விட்டு நீக்கம். ஆதாரமில்லாத காரணம் கேட்கப்படாது. எழுதி அனுப்பியதும் மந்திரம் போட்டதுபோல் எல்லோர் வீட்டு லைனும் நன்றாகிவிட்டது.

ஒரே ஒரு வீட்டைத் தவிர. அது அவனுடைய தங்கச்சி வீடு.

தங்கச்சியின் புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துப் பொருத்துகிறவர். பரம சாது. கேம் ஆடுவதில் அவருக்கு ஆசை நிறைய, கைதான் வராது. பட்டியலில் கடைசி இடம் அவருக்கென்று எழுதி வைத்தது. அதைப் பற்றி அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது, தோற்றாலும் 'நல்லா ஆடினீங்க' என்று குரூப்பில் எழுதிவிட்டுத்தான் போவார். இந்த மனுஷனுக்குத்தான் இந்த சீசனில் வரிசையாக லைன் போனது. ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு முறையும் அவர் தோற்றுக்கொண்டிருக்கும்போது.

நாலாவது முறை போனபோது எதிரே ஆடிக்கொண்டிருந்தவர் செக்ரட்டரி. தங்கச்சி குடியிருக்கிற அதே கட்டடத்தில் இரண்டாவது மாடிக்காரர், குடியிருப்போர் சங்கத்துக்கும் அவர்தான் செக்ரட்டரி. அவர் குரூப்பில் நீட்டி முழக்கி ஒரு புகார் எழுதினார். நாலுக்கு நாலு தரமும் பின்தங்கியிருக்கும்போதுதான் போயிருக்கிறது, முன்னிலையில் இருக்கும்போது ஒரு தரம்கூடப் போகவில்லை, அது எப்படி, தனக்கும் அதே கட்டடம்தான், தன் லைன் போகவில்லையே, சட்டத்தின் மாப்பிள்ளைக்கு மட்டும் தனிச் சட்டமா என்று கேட்டிருந்தார்.

கடைசிக் கேள்வி மெக்கானிக்கை எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. அன்று சாயங்காலமே மாப்பிள்ளை போன் பண்ணினார். வீட்டுக்கு ஒரு நடை வாங்க மச்சான், கொஞ்சம் பேசணும், போனில் வேண்டாம் என்றார். இவன் வரமாட்டேன் என்றான். புகார் நிலுவையில் இருக்கும்போது நடுவரோடு தனியாகப் பேசக் கூடாது, பதினொன்றாவது விதி, எதுவாக இருந்தாலும் குரூப்பில் எழுதுங்கள் மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டான்.  சரி மச்சான் என்று மாப்பிள்ளை வைத்துவிட்டார். குரூப்பில் அவர் எழுதியது ஒரே வரி: லைன் போச்சு, நான் பிடுங்கவில்லை.

ஆதாரம் கேட்டான். இல்லை என்றார். நீக்கிவிட்டான். சொந்தக்காரன் என்று பார்க்காமல் தீர்ப்புச் சொன்னார் சட்டம் என்று பல் டாக்டர் கைதட்டும் படம் போட்டார். அந்தக் கைதட்டலை அவன் இரண்டு மூன்று தரம் திறந்து பார்த்துக்கொண்டான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தங்கச்சி அவனோடு பேச்சை நிறுத்தினாள். போன் எடுப்பதில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தவள் செருப்புக் கடைக்குள் புகுந்துகொண்டாள். அவள் சொன்னது அவன் மனைவி மூலமாகத்தான் வந்து சேர்ந்தது: கண்ணாடிக் கடையில் கூட வேலை பார்க்கிற ஆள் வரைக்கும் 'ஒயர் புடுங்கி' என்று கூப்பிடுகிறார்களாம், அந்தப் பெயரை வைத்தது கூடப்பிறந்த அண்ணனாம், இனி அவன் காலடி இந்த வாசலில் படக் கூடாதாம். ஒரு விளையாட்டுக்கு இத்தனையா என்று அவன் எரிந்து விழுந்தான். அதைத்தான் அவளும் கேட்கிறாள் என்றாள் மனைவி.

மூன்று ஞாயிறு கழிந்தது. நாலாவது ஞாயிற்றுக்கிழமை கம்பெனியிலிருந்து போன். தங்கச்சி கட்டடத்தில் லிப்ட் நடுவழியில் நின்றுவிட்டது, போய்ப் பார் என்றார்கள். வேறு ஆளே இல்லையா என்று கேட்டுப் பார்த்தான். இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு, மாடிப்படியில் தங்கச்சி வீட்டு வாசலைப் பார்க்காமல் தாண்டி, மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போனான்.

அங்கிருந்த கரண்ட் பெட்டியைத் திறந்ததும் கருகல் வாடை அடித்தது. மோட்டாருக்குக் கரண்ட் கொண்டுவரும் மூன்று ஒயர்களில் ஒன்றின் ஒட்டு பொசுங்கிப்போய்க் கிடந்தது. அந்த ஒட்டின் மேல் சுற்றியிருந்த டேப்பைப் பார்த்தான். நுனியை மடித்து உள்ளே செருகியிருந்தது. கம்பெனியில் அப்படிச் செருகுகிற ஆள் அவன் ஒருவன்தான்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய சமாசாரம் அது. கீழிருந்து வரும் கேபிளில் ஒரு ஒயர் எரிந்துபோய் லிப்ட் நின்றிருந்தது. செக்ரட்டரி தலைமேல் நின்று கத்திக்கொண்டிருந்தார். இவன் மாப்பிள்ளையிடம் போய், இரண்டு நாளைக்கு உங்கள் வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு ஒயர் இழுத்துக்கொள்கிறேன், யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டான். அதற்கென்ன மச்சான் என்றார் அவர். குடியிருப்பவர் வீட்டிலிருந்து லிப்டுக்கு ஒயர் இழுத்தால் கம்பெனியில் வேலை போகும், அதனால் ரெஜிஸ்டரிலும் எழுதவில்லை. இரண்டு நாளில் புதுக் கேபிள் வந்து தொங்கியது. வந்து மாற்ற வேண்டியவன் மறந்தே போனான். அதற்குப் பிறகு எத்தனையோ தரம் இதே பெட்டியைத் திறந்து, எல்லாம் சரி என்று டிக் போட்டிருக்கிறான், படுபாவி.

 ஒட்டைச் சுரண்டி இறுக்கிவிட்டு, ஆட்கள் ஏறியதும் லிப்டை மேலே அனுப்பச் சொல்லிக் கீழே வாட்ச்மேனுக்குப் போன் பண்ணினான். மோட்டார் உறுமியது. நேர் கீழே, கடைசி மாடியில் இருந்த தங்கச்சி வீட்டு ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த டிவி சத்தம் பட்டென்று நின்றது. 'மறுபடியும் போச்சா' என்று அவள் அலுத்துக்கொண்டது தெளிவாகக் கேட்டது.

லிப்டில் பாரம் ஏறி மோட்டார் கிளம்பும்போதெல்லாம் அந்த ஒரு வீட்டில் மட்டும் கரண்ட் ஒரு நொடி தொய்ந்து எழுகிறது. இன்டர்நெட் பெட்டி அணைந்துவிட்டு மறுபடி பிடிக்க இரண்டு நிமிஷம். ஒட்டு தளரத் தளர இப்போதெல்லாம் அது அடிக்கடி நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணி, வெளியே போன குடும்பங்கள் கூட்டமாகத் திரும்புகிற நேரம். சரி, பின்தங்கியிருக்கும்போது மட்டும் ஏன் போனது? போனில் பட்டியலைத் திறந்து பார்த்தான். பூஜ்யத்துக்கு நாலு, பூஜ்யத்துக்கு ஆறு, பூஜ்யத்துக்கு ஐந்து. அந்த மனுஷன் சீசன் முழுக்க ஒரு நிமிஷம்கூட முன்னிலையில் இருந்ததே இல்லை. எந்த நொடியில் லைன் போனாலும் அது அவர் தோற்றுக்கொண்டிருக்கிற நொடிதான். பன்னிரண்டு பேரில் ஒரு கணக்கு வாத்தியார் வேறு இருக்கிறார். ஒருவனுக்கும் இது தோன்றவில்லை. முதலில் தனக்குத் தோன்றியிருக்க வேண்டும் என்று நினைத்தபோது அவனுக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

சரியான கேபிளில் மாற்றிக் கொடுக்கப் பத்து நிமிஷம் ஆனது. மூன்று வருஷமாக இந்தப் பத்து நிமிஷம் கிடைக்கவில்லை. மறுபடி லிப்டை அனுப்பச் சொன்னான். டிவி பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

ஒயரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் மாப்பிள்ளையைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாமா என்று ஒரு யோசனை வந்தது. உடனே அவனுக்கே வெட்கமாகப் போயிற்று. எல்லோர் முன்னாலும் ஆதாரம் வைத்தால்தான் தீர்ப்பை மாற்றலாம் என்று எழுதியவன் யார்? ஊருக்குத்தான் உபதேசமா? வேலை போனால் போகட்டும் என்று பொசுங்கிய ஒட்டைப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டான். மாப்பிள்ளை பிடுங்கவில்லை, லிப்டுக்காக அவர் வீட்டிலிருந்து திருட்டுத்தனமாக ஒயர் இழுத்தவன் நான், தப்பு என்னுடையது என்று தேதியோடு எழுதினான். அனுப்பியபிறகு, ரொம்ப நாளைக்கப்புறம் நெஞ்சு நிமிர்ந்தாற்போல் இருந்தது. நேராக இறங்கிப் போய்த் தங்கச்சி வீட்டு மணியை அடித்தான்.

மாப்பிள்ளைதான் திறந்தார். நீக்கிய ஆள் ஆகையால் குரூப்பில் போட்டது அவருக்கு வந்திருக்காது. இவனே போனை நீட்டினான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் பிடித்துப் படித்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தான். படிக்கப் படிக்க அவர் முகம் செத்துப்போனது.

"இதை எப்ப அனுப்பினீங்க?"

"இப்பத்தான். அஞ்சு நிமிஷம் ஆச்சு மாப்பிள்ளை."

"செக்ரட்டரி பாத்துட்டாரா?"

பார்த்துவிட்டிருந்தார். உங்கள் கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறேன் என்று கீழேயே எழுதியும் இருந்தார். மாப்பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"லிப்ட்னாலதான் லைன் போகுதுன்னு மூணாவது தரமே எனக்குத் தெரியும் மச்சான்."

மெக்கானிக்குக்கு ஒன்றும் ஓடவில்லை. தெரிந்தால் ஏன் சொல்லவில்லை, திருடன் என்று ஊரெல்லாம் சொல்லும்போது ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டான். கேட்கும்போதே அவன் குரல் உயர்ந்துவிட்டது.

"குரூப்ல சொன்னா ஒயர் யாரு இழுத்ததுன்னு செக்ரட்டரி கேப்பாரு. உங்ககிட்ட தனியா சொல்லலாம்னுதான் வீட்டுக்குக் கூப்பிட்டேன். வரமாட்டேன்னுட்டீங்க."

"நீக்கினதுக்கு அப்புறமாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கலாம்" என்றார் மாப்பிள்ளை. "சொன்னா இதைத்தானே செஞ்சிருப்பீங்க? உங்களைத் தெரியாதா எனக்கு?"

உள்ளேயிருந்து தங்கச்சி வந்து புருஷன் கையிலிருந்த போனை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள். அண்ணனுடைய போன் அவள் கையிலேயே அடிக்கத் தொடங்கியது. கம்பெனி நம்பர். அவள் அதை அவனிடம் நீட்டினாள்.