என் தலைப்பாகையை நானே கட்டினேன்

அன்புக்கொடி மக்களே, நாம் கும்பிடும் அய்யா எனக்குச் செய்ததைச் சொல்லப் போகிறேன். ஆனால் சிரித்த முகத்தோடு சொல்ல வராது. அண்ணன் மேலுள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

தோவாளைப் பூச்சந்தையில் எனக்கு வியாபாரம். கூடை இறக்கும்போது வழுக்கி விழுந்ததில் வலது தோள் முறிந்தது. என் அண்ணன் வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசான். ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் அவரே எண்ணெய் போட்டுக் கட்டினார். மாதக்கணக்கில் கட்டினார். எலும்பு கோணலாகச் சேர்ந்து மூட்டு செத்துப்போனது. சட்டை போடக்கூட மனைவி வர வேண்டும்.

அதைவிடக் கொடுமை ஞாயிற்றுக்கிழமை. அய்யா கோயிலான தாங்கலுக்குள் ஆண்கள் தலைப்பாகை இல்லாமல் கும்பிடுவதில்லை. வாசலில், எல்லாரும் பார்க்க, அண்ணன்தான் எனக்குக் கட்டிவிடுவார். "அசையாம நில்லுலே" என்பார். கையைக் கெடுத்தவரே தலையையும் பிடித்துத் திருப்புவார். எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

தோள் மூட்டையே மாற்ற வேண்டும் என்றார் நாகர்கோவில் டாக்டர். வலி போகும், கை தலைவரை எழும்புமா என்று உறுதி சொல்ல முடியாது, இனி பாரம் தூக்கக் கூடாது என்றார். அண்ணன் வீடு அதிரக் கத்தினார்.

"அய்யா தந்த ஒடம்பாக்கும் இது. எலும்ப வெட்டிட்டு இரும்ப வைக்கப் போறியா? ஒனக்கு நம்பிக்க இல்லலே!"

அன்று தாங்கலில் சிலைக்குப் பதிலாக வைத்திருக்கும் கண்ணாடி முன்னால் நின்று நான் கும்பிடவில்லை. சண்டை போட்டேன். "அய்யா, இது பாவம்னா இப்பமே தடுத்துப்போடும். இல்லன்னா எனக்க கைய தலைக்குக் கொண்டுவந்து தாரும். இனி அவருக்க முன்னால தல நீட்ட மாட்டேன்." சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன்.

அய்யா தடுக்கவில்லை. ஆபரேஷன் முடிந்தது. கையைக் கழுத்திலிருந்து துணியில் தொட்டில் கட்டித் தொங்கவிட்டார்கள். பிறகு சுவரில் விரல்களை ஏற்றிப் பழகச் சொன்னார்கள். நெஞ்சுவரை வந்த கை அங்கேயே நின்றது. விடாமல் அய்யாவை நச்சரித்தேன். மெல்ல மெல்ல மேலே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் அண்ணன் துணியை எடுத்தார்.

"துணிய இங்க தாரும்" என்றேன்.

கோணலாகத்தான் கட்டினேன். ஆனால் நானே கட்டினேன். உள்ளே போய் விழுந்து கும்பிட்டேன்.

முதுகு சொறிய இன்றும் கை போகாது. கூடை தூக்க ஆள் வைத்திருக்கிறேன். வலி மட்டும் அறவே இல்லை. அண்ணனோ தன் எண்ணெய்தான் கேட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். நம்பாதீர்கள். எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அய்யாவிடம் மனதில் இருப்பதை அப்படியே கொட்டுங்கள், கோபமானாலும் சரி. அவர் முகம் சுளிக்க மாட்டார், கேட்டதைத் தருவார்.

அண்ணனை மன்னிக்கிற மனசை மட்டும் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் தந்துவிடுவாரே.